சென்னைத் தெருவில் நின்று ஆயில் பெயின்டிங்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

தெருவில் நின்று ஆயில் கலரில் வரையத் தொடங்கிய முதல் ஆறு மாதத்தில் 11 படங்கள் போட்டேன். மூன்று வெடித்தன. இரண்டில் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தது. ஒன்று பையில் ஒட்டி, பாதி என் சட்டையோடு வந்தது. மீதி ஐந்தும் வெயில் நகர்ந்துவிட்டதால் அந்தரத்தில் நின்றவை. கை சரியில்லாமல் கெட்டது என்று பார்த்தால் ஒன்றிரண்டு தேறும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் பொருளைத் தப்பாக வாங்கியதாலும் தப்பாகக் கையாண்டதாலும், பெரிதாக ஆரம்பித்ததாலும், சூரியன் எங்கே இருக்கிறது என்று பார்க்காததாலும் போனவை. இந்த மூன்றையும் முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் எனக்குப் பணமும் மிஞ்சியிருக்கும், ஒரு சட்டையும் மிஞ்சியிருக்கும்.

பென்சிலில் ஒரு தெருவை ஓரளவு போடத் தெரியும், ஆயில் புதிது, வீட்டுக்குள் இல்லாமல் வெளியே போய் வரைய ஆசை என்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. பிரஷ் வாங்கும் முன் இடத்தைப் பாருங்கள்

ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வெறுங்கையோடு இரண்டு முறை போங்கள், காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. அதே இடம் இரண்டு வேறு ஊர்போல இருக்கும்.

மயிலாப்பூர் தெப்பக்குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கபாலீஸ்வரர் கோயிலுக்கு மேற்கே குளம், குளத்துக்கு மேற்கே ஆர்.கே. மட் சாலை. அந்தச் சாலைப் பக்கம் நின்று காலை ஏழு மணிக்குக் கோயிலைப் பார்த்தால் சூரியன் எதிரே இருக்கும். கோபுரம் ஒரே கருநீல நிழல், தண்ணீரில் அதன் தலைகீழ். பொம்மைகள் எதுவும் தெரியாது. புதியவருக்கு இதைவிட வசதியான காட்சி கிடையாது, நான்கு கலரில் முடிந்துவிடும். அதே இடத்தில் மாலை நான்கரைக்கு நின்றால் வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து நேரே கோபுரத்தில் விழும். ஒவ்வொரு பொம்மையும் ஒவ்வொரு கலரில் கண்ணைப் பறிக்கும். முதல் படத்துக்கு அதைத் தொடாதீர்கள். நான் தொட்டேன். மூன்று மணி நேரம் பொம்மை பொம்மையாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

நேரக் கணக்கு இப்படி. ஜூன் மாதத்தில் சென்னையில் 5:45 வாக்கில் விடிகிறது, ஜனவரியில் 6:35 ஆகிவிடும். விடிந்த அரை மணியிலிருந்து ஒன்பது மணி வரைதான் காலை வேலை. அதற்குப் பிறகு நிழல் சுருங்கும், கலர் வெளுக்கும், உங்களுக்கும் மண்டை காயும். மாலையில் நாலு மணிக்கு முன்னால் போக வேண்டாம். இதற்குள் ஒரு படத்துக்கு இரண்டு மணி நேரம்தான். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, இரண்டு மணியில் நிழல் எதிர்ச் சுவரிலிருந்து இறங்கிச் சாலைக்கு வந்துவிடும்.

வெளிநாட்டுப் புத்தகங்களைப் படித்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'வடக்குப் பக்கத்தில் வெயில் படாது, வெளிச்சம் மாறாது' என்று அவற்றில் எழுதியிருக்கும். நம் ஊருக்கு அது பாதி ஆண்டுதான் சரி. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூனில் வடக்குச் சுவரில் வெயில் அடிக்கும். ஜனவரியில் பாதி போட்டுவிட்டு 'கோடையில் முடித்துக்கொள்ளலாம்' என்று வைத்தால் நிழல் எல்லாம் எதிர்ப்பக்கம் விழுந்திருக்கும். ஒரு படத்தை இன்னொரு நாள் தொடர வேண்டுமென்றால் அந்த வாரத்துக்குள், அதே மணிக்குப் போங்கள்.

2. கடையில் ஏமாறாமல் இருக்க

பணம் போவது இங்கேதான்.

24 கலர் டப்பாவை வாங்காதீர்கள். அதில் பாதியைத் தொட மாட்டீர்கள், வெள்ளை மட்டும் இரண்டாவது வாரமே தீர்ந்துவிடும். ஏழு டியூப் போதும்: டைட்டானியம் ஒயிட், எல்லோ ஓக்கர், காட்மியம் எல்லோ, காட்மியம் ரெட், அலிசரின் கிரிம்சன், அல்ட்ராமரைன் புளூ, பர்ன்ட் சியன்னா. வெள்ளை மட்டும் பெரிய டியூப். கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்த்தால் வரும் கறுப்பு உயிரோடு இருக்கும்.

டியூபின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். வெள்ளைக்கு 'பி.டபிள்யூ 6' என்றிருந்தால் டைட்டானியம். 'பி.டபிள்யூ 4' என்றால் ஜிங்க். ஜிங்க் வெள்ளை காய்ந்தபின் நொறுங்கும் தன்மை உடையது, முழுப் படத்துக்கும் அதையே வைத்து அடித்தால் நாளாக நாளாக விரிசல் விடும். அலிசரின் வாங்கும்போது 'பெர்மனன்ட்' என்று போட்டதாகப் பாருங்கள், பழைய வகை வெளிச்சத்தில் வெளுத்துவிடும். பெயருக்குப் பின்னால் 'ஹ்யூ' என்றிருந்தால் அசல் நிறமியின் இடத்தில் விலை குறைந்த வேறு நிறமி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பழகுவதற்கு அதுவே போதும். தெரிந்து வாங்கினால் சரி.

இனி திரவங்கள். ஹார்டுவேர் கடையில் 'லின்சீட் ஆயில்' (ஆளிவிதை எண்ணெய், கலரில் கலப்பது) கேட்டால் டபுள் பாயில்டு என்ற டப்பாவை நீட்டுவார்கள். அது கதவுக்கும் ஜன்னலுக்கும் அடிப்பது. சீக்கிரம் காயும், சீக்கிரம் மஞ்சளாகும். உங்களுக்கு வேண்டியது ஓவியக் கடையில் விற்கும் சுத்திகரித்த லின்சீட் ஆயில், 100 மில்லி பாட்டில். அதுவே ஒரு ஆண்டுக்கு வரும். அடுத்தது தின்னர், கலரை நீர்க்க வைக்கும் திரவம். ஒரு கடைக்காரர் என்னிடம் 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்று என்.சி. தின்னரைக் கொடுத்தார். மரப் பாலிஷுக்கான சாமான் அது. வாடையில் தலை சுற்றியது, அடியில் போட்டிருந்த கலர் கரைந்து மேலே வந்தது. ஓவியத்துக்கென்று விற்கும் டர்பன்டைன் வாங்குங்கள். வாசனையில்லாத சால்வென்ட் கிடைத்தால் இன்னும் நல்லது, விலைதான் கொஞ்சம் கூட.

பிரஷ் நான்கு: பன்றி முடியில் செய்த தட்டை பிரஷ் 4, 6, 8 எண்களில் ஒவ்வொன்று, மின்கம்பி வரைய நீள முடியுள்ள மெல்லிய பிரஷ் ஒன்று. கூடவே கலர் கலக்க ஒரு பேலட் நைஃப்.

எனக்கு இரண்டாம் முறை, புத்தி வந்தபின், ஆன செலவு: டியூப்கள் 2,300 ரூபாய், பிரஷ்களும் நைஃபும் 850, எண்ணெயும் சால்வென்டும் 750, ஒரு டஜன் பலகையும் ஜெஸ்ஸோவும் (கலருக்கு முன் பலகையில் அடிக்கும் வெள்ளைப் பூச்சு) 900, தச்சரிடம் செய்த பெட்டி 1,400. மொத்தம் 6,200. வீட்டில் கேமரா டிரைபாட் கிடந்ததால் ஈசல் (படத்தை நிறுத்தும் தாங்கி) வாங்கவில்லை. அந்தப் பெட்டியின் அடியில் ஒரு திருகாணி வைத்து டிரைபாடில் மாட்டிக்கொள்கிறேன். மூடியில் பலகை நிற்கும், அடிப்பாகம் பேலட், அதாவது கலர் கலக்கும் தட்டு.

3. பலகை

கடைகளில் கிடைக்கும் மலிவான கேன்வாஸ் அட்டை நம் ஊர் ஈரக்காற்றில் அப்பளம்போல வளையும். பிளைவுட் கடையில் 3 மி.மீ. எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வாங்கி 8க்கு 10 அங்குலமாக அறுத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஜெஸ்ஸோ அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அதுவும் வளையும். முன்பக்கம் மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் லேசாக உப்புத்தாள் தேய்த்து. கடைசிப் பூச்சு காய இரண்டு நாள் விடுங்கள்.

பிறகு, வெளியே போவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக, பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் தண்ணீராகக் கரைத்துப் பலகை முழுக்கத் துணியால் தேயுங்கள். வெயிலில் வெள்ளைப் பலகையைப் பார்த்து வரைந்தால் கண் கூசும், எல்லாக் கலரும் கறுப்பாகத் தெரியும், நீங்கள் வெள்ளையைக் கலந்து கலந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் சுண்ணாம்பு அடித்ததுபோல இருக்கும்.

8க்கு 10 ரொம்பச் சின்னதாயிற்றே என்று தோன்றும். இரண்டு மணியில் நிரப்ப முடிவது அவ்வளவுதான். என் பாதிப்படங்கள் ஐந்தும் 18க்கு 24.

4. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

பொதுச் சாலையின் நடைபாதையில் நின்று வரைந்ததற்கு என்னிடம் யாரும் அனுமதிச் சீட்டு கேட்டதில்லை. ஆனால் டிரைபாடைப் பார்த்ததும் வீடியோ எடுக்கிறோம் என்று நினைப்பார்கள். ஆதார் நகல் ஒன்றும், முன்பு வரைந்த சின்னப் படம் ஒன்றும் பையில் வையுங்கள். காவலர் வந்து கேட்டால் படத்தைக் காட்டுங்கள், ஆதாரைவிட அது வேகமாக வேலை செய்யும். என்னிடம் விசாரிக்க வந்த ஒருவர் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, 'அந்த ஆட்டோவை விட்டுட்டீங்களே' என்று சொல்லிப் போனார். அவர் சொன்னதும் சரிதான்.

சுவருக்கு முதுகைக் கொடுத்து நில்லுங்கள். நடப்பவர்களுக்கு வழி விட்டதாகவும் இருக்கும், பின்னால் கூட்டமும் சேராது. ஒரு கடை வாசல் என்றால் முதலில் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை. ஜார்ஜ் டவுன் பக்கம் இது ரொம்ப முக்கியம். காலை ஒன்பதரைக்குச் சரக்கு வண்டிகள் வர ஆரம்பித்தால் நீங்கள் நிற்கும் இடம் அவர்கள் இறக்கும் இடமாக இருக்கும். ஞாயிறு காலை போனால் நிம்மதி.

உயர் நீதிமன்றம், ஜார்ஜ் கோட்டை, துறைமுகம், ரயில் நிலையங்களின் உட்பகுதி இங்கெல்லாம் எழுத்தில் அனுமதி இல்லாமல் டிரைபாடை விரிக்காதீர்கள். எழும்பூர் நிலையத்தின் சிவப்புக் கட்டடத்தை வெளியே நின்றே வரைந்துகொள்ளலாம்.

கட்டடத்தை வரைந்தால் கட்டியவரிடம் காப்புரிமைச் சிக்கல் வருமா என்று பலர் கேட்கிறார்கள். வராது. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், பிரிவு 52, கட்டடத்தை ஓவியமாக வரைவதையும் வெளியிடுவதையும் மீறலாகக் கருதுவதில்லை. ஆனால் இணையத்தில் யாரோ எடுத்த புகைப்படத்தைப் பார்த்து அப்படியே வரைந்து விற்பது வேறு விஷயம். அந்தப் படம் எடுத்தவருடையது. நீங்களே எடுத்த படத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பயணம்: டர்பன்டைன் 35 டிகிரிக்கு அருகிலேயே தீப்பற்றும் ஆவியை விடும். மெட்ரோவிலும் விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள். ரயிலில் தீப்பற்றும் பொருள் கொண்டுபோவது ரயில்வே சட்டப்படி குற்றம், 3 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. வெளியூர் போனால் டியூபை மட்டும் எடுத்துக்கொண்டு சால்வென்டை அங்கே வாங்குங்கள். லின்சீட் எண்ணெய்க்கு இந்தத் தொல்லை குறைவு, அது 200 டிகிரிக்கு மேல்தான் பற்றும். விமானத்தில் டியூப்களைச் செக்-இன் பெட்டியில் போடுங்கள். தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புத் தகவல் தாளை அச்செடுத்துக் கூடவே வையுங்கள். கேட்டால் 'பெயின்ட்' என்று சொல்லாமல் 'ஓவிய வண்ணம், தாவர எண்ணெயில் அரைத்தது' என்று சொல்லுங்கள். 'பெயின்ட்' என்றால் அவர்களுக்கு டிஸ்டெம்பர் டப்பா ஞாபகம்தான் வரும்.

5. முதல் 20 நிமிடம்

கலரைத் தொடாதீர்கள். பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும் கலந்த நீர்த்த கலவையால் கோடு போடுங்கள்.

முதல் கோடு கண் மட்டம். நின்று வரைந்தால், சமதளத் தெருவில் உங்கள் உயரமுள்ள எல்லோருடைய தலையும் அந்தக் கோட்டில்தான் வரும், பக்கத்தில் இருப்பவரானாலும் தெருக்கோடியில் இருப்பவரானாலும். தூரம் போகப்போகக் கால் மட்டும் மேலே ஏறும். ஸ்டூலில் உட்கார்ந்தால் தலைகள் கோட்டுக்கு மேலே போய்விடும். அதனால் நடுவில் உட்காராதீர்கள். நான் கால் வலித்து உட்கார்ந்து தொடர்ந்த ஒரு படத்தில் பாதி ஜனங்கள் பள்ளத்தில் நடப்பதுபோல இருந்தார்கள்.

இரண்டாவது, நிழலின் ஓரம். இந்தக் கணம் நிழல் எங்கே முடிகிறதோ அங்கே கோடு போட்டு, நிழல் பகுதி முழுவதையும் ஒரே கலவையால் நிரப்பிவிடுங்கள். அப்புறம் சூரியன் எங்கே போனாலும் அந்தக் கோட்டை மாற்றக் கூடாது.

மூன்றாவது, எது முதலில் கிளம்பிப் போகுமோ அதை முதலில் போடுங்கள். வடக்கு மாட வீதியில் ஒரு இளநீர் வண்டியை நம்பி முழுப் படத்தையும் அமைத்தேன். பச்சைக் குவியல், மேலே கிழிந்த நீல தார்பாய், அதன் ஓட்டை வழியாக ஒரே ஒரு காயின்மேல் ரூபாய் நாணயம் அளவுக்கு வெயில். 'சுவரை முடித்துவிட்டு வருகிறேன்' என்று வைத்திருந்தேன். முப்பதாவது நிமிடம் அந்த அண்ணன் கடைசிக் குலையைச் சாக்கில் போட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். சுவர் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

6. கலர்

மெல்லியது அடியில், எண்ணெய் கூடியது மேலே. இந்த ஒரு விதியை மீறியதால்தான் என் மூன்று படங்கள் வெடித்தன. பளபளப்பு வரட்டும் என்று அடிப்பூச்சிலேயே நிறைய எண்ணெய் விட்டேன், மேலே டர்பன்டைன் கலந்த மெல்லிய பூச்சு. மேலே இருந்தது முதலில் காய்ந்தது, அடியில் இருந்தது மெதுவாகக் காய்ந்து அசைந்தது, மேல்தோல் பிளந்தது. ஆயில் கலர் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகுகிறது. அதனால்தான் இவ்வளவு நாள் எடுக்கிறது. அக்ரிலிக்கை (தண்ணீரில் கரைத்து அடிக்கும் கலர்) ஆயிலுக்கு அடியில் போடலாம், மேலே ஒருபோதும் போடாதீர்கள்.

தார்ச்சாலையைக் கறுப்பாக அடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வெயிலில் நம் ஊர்த் தார் வெளிறிய சாம்பல், தூசி படிந்து லேசாக மஞ்சள். அல்ட்ராமரைன், சியன்னா, ஓக்கர், தாராளமாக வெள்ளை. நிழலில் அதே தார் நீலம் கலந்திருக்கும், வானத்தின் வெளிச்சம் அதில் விழுவதால். வானம் உச்சியில்தான் நீலம், கூரைகளுக்குப் பக்கத்தில் பால் கலந்ததுபோல வெளுப்பு. வேப்பமரத்துக்குக் காட்மியம் எல்லோ, அல்ட்ராமரைன், ஒரு துளி சியன்னா. பச்சை டியூப் இல்லாமலே வரும்.

மின்கம்பிகள் கடைசி ஐந்து நிமிடம். எல்லாவற்றையும் போடாதீர்கள், முழுக்க விட்டுவிடவும் வேண்டாம். கம்பியும் டிஷ்ஷும் தண்ணீர்த் தொட்டியும் இல்லாத தெரு நம்முடையது இல்லை. மெல்லிய பிரஷில் ஒரே இழுப்பு, வெளிச்சம் மோதும் இடத்தில் கோடு அறுந்துபோகட்டும்.

7. மூட்டை கட்டும்போது

ஈரப் படத்தை எடுத்துவர மரப்பெட்டிக்குச் செலவழிக்க வேண்டாம். சேலை வாங்கினால் தரும் அட்டைப்பெட்டியில் 8க்கு 10 பலகை அடங்கும். நான்கு மூலையிலும் டேப்பால் ஒட்டிவிட்டால் அசையாது. வீட்டில் பீரோவுக்கு மேலே நிச்சயம் நான்கைந்து கிடக்கும். கொசுவோ ஈயோ ஒட்டியிருந்தால் பிடுங்காதீர்கள், காய்ந்தபின் தட்டினால் உதிரும்.

எண்ணெய்த் துணி விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். லின்சீட் எண்ணெய் நனைந்த துணி இறுகும்போது சூடாகிறது, சுருட்டிக் குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கும். ஒரு மே மாதம் துணிகளைப் பிளாஸ்டிக் பையில் திணித்து பால்கனியில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். வாடை வந்து போய்த் தொட்டால் பை இஸ்திரிப் பெட்டிபோலச் சுட்டது. அன்றிலிருந்து துணியைத் தண்ணீர் வாளியில் முக்கிவிடுகிறேன், அல்லது ஒவ்வொன்றாக விரித்துக் கொடியில் காயப்போடுகிறேன்.

அழுக்கு டர்பன்டைனைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் இரண்டு நாள் வைத்தால் கசடு அடியில் தங்கும், மேலே தெளிந்ததை மறுபடி பயன்படுத்தலாம். பிரஷைச் சமையல் எண்ணெயில் அலசி, பாத்திரம் துலக்கும் சோப்பில் கழுவினால் போதும். சாப்பிடும் முன் கை கழுவுங்கள். காட்மியம் வயிற்றுக்குள் போக வேண்டிய சாமான் இல்லை.

8. காய்வது, வார்னிஷ், அனுப்புவது

மெல்லிய படம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வர எனக்கு மே மாதத்தில் மூன்று நாள், நவம்பரில் ஒரு வாரத்துக்கு மேல். பீரோவுக்குள் வைத்துக் காயவிடாதீர்கள். இருட்டில் எண்ணெய் மஞ்சளிக்கும், மழைக்காலத்தில் பூஞ்சையும் சேரும். நேர்வெயில் படாத, காற்றோட்டமுள்ள சுவரோரம் போதும். ஏற்கெனவே மஞ்சளித்திருந்தால் பயப்படாதீர்கள், சில வாரம் வெளிச்சத்தில் வைத்தால் பெரும்பகுதி திரும்பிவிடும்.

வார்னிஷுக்கு ஆறு மாதம். தடிமனாகப் போட்டிருந்தால் ஒரு ஆண்டு. அதற்குள் யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தால் ரீடச்சிங் வார்னிஷ் என்ற தற்காலிக வார்னிஷ் மெல்லிய ஒரு பூச்சு.

பின்பக்கம் உங்கள் பெயர், இடம், தேதி எழுதுங்கள். வெளிநாட்டுக்கு எடுத்துப்போகும்போது இது உதவும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு ஆண்டுக்குக் குறையாத ஓவியங்களைத் தொல்பொருளாகக் கருதி ஏற்றுமதிக்குத் தடை போடுகிறது. உங்கள் படம் போன மாதம் வரைந்தது என்பதைத் தேதியும், பொருள்கள் வாங்கிய பில்லும், பாதியில் எடுத்த ஒரு புகைப்படமும் சேர்ந்து சொல்லும்.

கூரியரில் அனுப்பும்போது படத்தின்மேல் முதலில் பட்டர் பேப்பர், அதற்கு மேல்தான் குமிழ் பிளாஸ்டிக். குமிழ் நேரடியாகப் படக் கூடாது. தங்கை வீட்டுக்கு அவசரத்தில் அப்படி அனுப்பிய ஒரு மெரினா படத்தில் வானம் முழுக்க வட்ட வட்டமாகத் தடம். மேகத்தை ரொம்ப நன்றாகப் போட்டிருக்கிறேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள்.